ஆங்கில இலக்கண, இலக்கிய வீட்டுப்பாடம்: தமிழ் மாணவருக்கு உதவும் முறை

ஆங்கிலப் பாடத்தில் வீட்டுக்கு எழுதிவரச் சொல்லும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டு வகை. வாக்கியத்தை மாற்றி எழுதுதல், கோடிட்ட இடம் நிரப்புதல், பிழை திருத்துதல் போன்றவை இலக்கண வினாக்கள். செய்யுள், உரைநடை, கதை ஆகியவற்றைப் படித்து விடை எழுதுபவை இலக்கிய வினாக்கள். தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கும் ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே ஒரு பாடமாக இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100-க்கு 35 மதிப்பெண் எடுத்தால்தான் அந்தப் பாடத்தில் தேர்ச்சி. கணக்கிலும் அறிவியலிலும் நன்றாக எழுதும் மாணவர் இந்த ஒரு பாடத்தில் நின்றுவிட்டால், மேல் வகுப்புக்குப் போகும் வழி அங்கேயே தடைப்படுகிறது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

இப்படிப்பட்ட மாணவருக்குக் கிடைக்கும் உதவி பெரும்பாலும் விடையாகவே வந்து சேர்கிறது. கைடு புத்தகத்திலிருந்து பார்த்து எழுதுவது, டியூஷனில் பலகையில் போட்டதை நகலெடுப்பது, இப்போது கைப்பேசியில் வினாவைத் தட்டி வந்த விடையை அப்படியே எழுதுவது என்று வழிகள் பல. ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கும். தேர்வில் வாக்கியம் வேறாக வரும்போது கை நின்றுவிடும். விடையைச் சொல்லாமல் வழியைச் சொல்ல வேண்டுமானால், பிழை எங்கிருந்து வருகிறது என்பது உதவுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதில்லை. தமிழ் இலக்கணத்தைச் சரியாக அறிந்த மனம், அதே விதியை ஆங்கிலத்திலும் போட்டுப் பார்க்கிறது. அதனால் பிழைக்குக் காரணமான தமிழ் இலக்கணத்தைக் கொண்டே அதைத் திருத்தவும் முடியும். கீழே வருபவை அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

ஒரு, ஓர், அந்த

ஆங்கிலத்தில் 'எ', 'அன்', 'த' என்ற மூன்று ஆர்ட்டிகிள் சொற்கள் உண்டு. தமிழில் இவற்றுக்கு நேரான சொல்வகை இல்லை என்று சொல்லி ஆசிரியர்கள் நகர்ந்துவிடுவது வழக்கம். முதல் இரண்டைப் பொறுத்தவரை அது முழு உண்மை அல்ல. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஓர்', உயிர்மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஒரு' என்பது தமிழ் எழுத்துவழக்கின் விதி: ஓர் ஆண்டு, ஒரு மாதம். 'அன்', 'எ' என்பவற்றின் விதியும் இதே விதிதான்.

ஆனால் ஆங்கிலத்தில் பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அல்ல. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல் எழுத்தில் 'எச்' என்னும் மெய்யில் தொடங்கினாலும் ஒலியில் உயிரில் தொடங்குகிறது. ஆகவே 'அன் அவர்'. 'யுனிவர்சிட்டி' எழுத்தில் உயிரில் தொடங்கினாலும் ஒலி 'யு'. ஆகவே 'எ யுனிவர்சிட்டி'. இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு வசதி உண்டு. சொல்லைத் தமிழ் எழுத்தில், ஒலிக்கிறபடி எழுதிப் பார்த்தால் போதும். 'எம்.எல்.ஏ.' என்று எழுதினால் முதலெழுத்து உயிர், எனவே 'அன் எம்.எல்.ஏ.'. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று என்னும் எண்ணை நாம் 'ஒன்' என்று எழுதினாலும் அதன் உண்மையான ஒலி 'வன்'. அதனால் ஒரு ரூபாய் நோட்டுக்கு முன் வருவது 'எ'.

'த' சற்றுக் கடினம். 'அந்த' என்று மொழிபெயர்த்துப் பார்க்கச் சொல்வது பாதி உதவிதான், ஏனென்றால் 'த' வரும் எல்லா இடத்திலும் தமிழில் 'அந்த' வராது. அதைவிட நல்ல அடையாளம் இரண்டாம் வேற்றுமை உருபு. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் முன்பே தெரிந்த ஒரு புத்தகம். முன்னதற்கு ஆங்கிலத்தில் 'எ புக்', பின்னதற்கு 'த புக்'. அஃறிணைப் பொருள்களில் 'ஐ' வெளிப்பட்டு நின்றால் 'த' வர வாய்ப்பு மிகுதி. உயர்திணையில் இது பயன்படாது, 'ஆசிரியரைப் பார்த்தேன்' என்பதில் 'ஐ' எப்போதும் வந்தே தீரும். ஆறுகள், மலைத்தொடர்கள், பெரும்பாலான செய்தித்தாள்கள் ஆகியவற்றின் பெயருக்கு முன் 'த' வருவதையும், எவரெஸ்ட் போன்ற தனிச்சிகரத்துக்கு முன் வராததையும் மனப்பாடமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேற்றுமை உருபுகள்

தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பிரெபொசிஷன்' செய்கிறது. இட மாற்றம் மட்டுமே என்றால் சிக்கல் இல்லை. தமிழின் ஓர் உருபு ஆங்கிலத்தில் மூன்று நான்காகப் பிரிகிறது என்பதுதான் சிக்கல். 'பெட்டியில்' என்றால் 'இன்', 'மேசையில்' என்றால் 'ஆன்', 'வாசலில்' என்றால் 'அட்'. தமிழ் மூன்றுக்கும் 'இல்' ஒன்றையே போடுகிறது. உள்ளே இருப்பதா, மேலே படிந்திருப்பதா, ஒரு புள்ளியில் நிற்பதா என்று மாணவர் தமக்குள் கேட்டுக்கொண்டால் மூன்றும் பிரிந்துவிடும். நேரத்துக்கும் இதே பார்வை ஓரளவு பொருந்தும். ஐந்து மணி ஒரு புள்ளி, ஆகவே 'அட்'. மே மாதம் பல நாட்களை உள்ளே அடக்கியது, ஆகவே 'இன்'. கிழமைக்கும் தேதிக்கும் மட்டும் 'ஆன்'.

நான்காம் வேற்றுமை 'கு' இன்னும் பரவலானது. சென்னைக்குப் போனால் 'டு', அம்மாவுக்காகப் புடவை வாங்கினால் 'ஃபார்', ஐந்து மணிக்கு எழுந்தால் 'அட்'. இதில் பெரிய இடர் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தமிழ் தெரியும், எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள் என்று தமிழில் அனுபவமும் அறிவும் உறவும் நம்மை வந்தடைகின்றன. ஆங்கிலத்தில் இவை மூன்றிலும் 'நான்' எழுவாய் ஆகிவிடும்: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ டமில்', 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. 'டு மீ' என்று தொடங்கித் தடுமாறும் மாணவரிடம், உணர்பவர் யார், அறிந்தவர் யார், உடையவர் யார் என்று கேட்டு அந்த ஆளை வாக்கியத்தின் தலையில் வைக்கச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. தமிழில் 'பற்றி' இருப்பதால் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' சேர்க்கிறோம்; ஆங்கிலத்தில் அது நேராகச் செயப்படுபொருளை ஏற்கும். 'அவரோடு திருமணம்' என்பதால் 'மேரீட் வித்' என்று எழுதுகிறோம். வர வேண்டியது 'டு'.

வாக்கியத்தை 'பிரெபொசிஷன்' கொண்டு முடிக்கக் கூடாது என்று சில பழைய நோட்ஸ்களில் ஒரு விதி இருக்கும். அதை நம்பி மாணவரை வாட்ட வேண்டியதில்லை. ஜான் டிரைடன் 1672-இல் பென் ஜான்சனின் நடையில் இதைக் குறையாகச் சொன்னார். பின்னாளில் இலத்தீனை அளவுகோலாகக் கொண்ட இலக்கண நூல்கள் அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டன. ஆங்கிலம் பேசுவோர் வாக்கியத்தை அப்படி முடிப்பது இயல்பு.

காலங்கள்

பள்ளிகளில் பன்னிரண்டு காலங்கள் என்று அட்டவணை போட்டுக் கற்பிக்கிறார்கள். பன்னிரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதால்தான் அது மலைப்பாகத் தெரிகிறது. உண்மையில் அது மூன்றை நான்கால் பெருக்கியது: இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்று காலம், ஒவ்வொன்றிலும் செயல் வெறுமனே சொல்லப்படுகிறதா, நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா, முடியாமல் தொடர்ந்து வந்திருக்கிறதா என்னும் நான்கு நிலை.

தமிழில் 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பது தினமும் போவதையும் குறிக்கும், இந்த நிமிடம் போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கும், நாளை போகப்போவதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் தினமும் என்றால் 'ஐ கோ', இப்போது என்றால் 'ஐ ஆம் கோயிங்'. இடத்துக்கு ஏற்ப 'தினமும்', 'இப்போது' என்ற சொற்களைத் தமிழில் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் மாணவருக்கு வேறுபாடு தட்டுப்படும். 'வைத்திருக்கிறேன்' என்பதைப் பார்த்து 'ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்' என்று எழுதுவதும் இவ்வகைப் பிழையே. உடைமை, அறிவு, விருப்பம் ஆகியவற்றைச் சொல்லும் ஆங்கில வினைகள் பொதுவாகத் தொடர்நிலை வடிவத்துக்கு வருவதில்லை.

'வந்திருக்கிறேன்', 'பார்த்திருக்கிறேன்' என்ற தமிழ் வடிவமும் 'ஹேவ் கம்', 'ஹேவ் சீன்' என்ற ஆங்கில வடிவமும் நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் 'நேற்றே வந்திருக்கிறான்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'நேற்று', 'போன வாரம்', '2019-இல்' என்று முடிந்துபோன நேரம் குறித்துவிட்டால் 'ஹேவ்' வடிவம் வரக் கூடாது, வெறும் இறந்தகாலமே வரும். தேர்வுகளில் பிழை திருத்தும் பகுதியில் இது அடிக்கடி தென்படும்.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டையும் பிரிக்கத் தமிழே போதும். 'மூன்று ஆண்டுகளாக' என்பதில் உள்ள 'ஆக' வந்தால் 'ஃபார்'. '2020 முதல்', 'காலையிலிருந்து' என்பதில் உள்ள 'முதல்', 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. வினை வடிவத்தில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும். 'மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறேன்' என்று நாம் நிகழ்காலம் சொல்லும் இடத்தில் ஆங்கிலம் 'ஹேவ் பீன் ஸ்டடியிங்' என்று கேட்கிறது.

வாக்கிய மாற்றங்கள்

பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வதில் தமிழ் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. குமார், 'நான் நாளை வருவேன்' என்று சொன்னான், இது நேர்க்கூற்று. தான் மறுநாள் வருவதாகக் குமார் சொன்னான், இது அயற்கூற்று. ஆங்கில அயற்கூற்றுக்கு விதிப் பட்டியலைக் கொடுப்பதற்கு முன், வாக்கியத்தை இந்த 'வருவதாக' வடிவத்தில் தமிழில் மாற்றச் சொல்லுங்கள். 'நான்' என்பது 'தான்' ஆகிவிட்டது, 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் செய்ய வேண்டியவற்றில் இரண்டு தாமாகவே முடிந்தன. மிஞ்சுவது தமிழில் இல்லாத ஒன்று: 'சொன்னான்' இறந்தகாலமானதால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னுக்குப் போக வேண்டும். 'வில்' என்பது 'வுட்' ஆகும்.

வினா வாக்கியமும் இப்படியே. 'நீ சாப்பிட்டாயா?' என்று அம்மா கேட்டார் என்பது, நான் சாப்பிட்டேனா என்று அம்மா கேட்டார் என்று மாறுகிறது. சொல்லின் முடிவில் ஒட்டிய 'ஆ' இருக்கிறதே, அதுதான் ஆங்கிலத்தில் 'இஃப்' அல்லது 'வெதர்'. யார், எங்கே, ஏன் போன்ற வினாச்சொல் இருந்தால் 'ஆ' ஒட்டாது, அப்போது 'இஃப்' தேவையில்லை, அந்த வினாச்சொல்லே போதும். பிறகு வினாவின் சொல்வரிசை சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்பும், வினாக்குறி போய்விடும். இந்தக் கடைசி இரண்டையும் மறந்து மதிப்பெண் இழப்பவர் மிகுதி.

செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்ற, முதலில் 'எதை?' அல்லது 'யாரை?' என்று வினையிடம் கேட்க வேண்டும். 'கடிதம் எழுதினான்' என்பதில் 'ஐ' மறைந்திருந்தாலும் 'எதை?' என்ற கேள்விக்குக் 'கடிதத்தை' என்று விடை வருகிறது. அந்தச் சொல்லே புதிய வாக்கியத்தின் தலை: 'த லெட்டர் வாஸ் ரிட்டன் பை ஹிம்'. 'நாய் ஓடியது' என்பதில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை, அது செயப்படுபொருள் குன்றிய வினை, மாற்றவும் முடியாது. காலத்தைச் சுமப்பது 'வாஸ்', 'இஸ்' போன்ற துணைவினை. முதன்மை வினை எப்போதும் மூன்றாம் வடிவத்தில் அசையாமல் நிற்கும்.

பயிற்சி ஏடுகளில் 'என்னால் சோறு உண்ணப்பட்டது' என்பது போன்ற வாக்கியங்களே நிறைய. தமிழர் யாரும் அப்படிப் பேசுவதில்லை, ஆங்கிலேயரும் பேசுவதில்லை. செய்தவர் யார் என்று தெரியாதபோது, அல்லது சொல்ல வேண்டாதபோது இந்த வடிவம் பயன்படும் என்று ஒரு வரி சொல்லி, 'பூட்டு உடைக்கப்பட்டிருந்தது' போன்ற எடுத்துக்காட்டைக் கொடுத்தால், மாணவர் அதை ஒரு கணக்காகப் போடாமல் மொழியாகப் புரிந்துகொள்வார்.

வாக்கியத்தின் கடைசியில் 'அல்லவா' அல்லது 'தானே' ஒட்டினால் தமிழில் வேலை முடிந்தது. அதனால்தான் எல்லா வாக்கியத்துக்கும் 'இஸிண்ட் இட்' போடுகிறோம். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் துணைவினையும் எழுவாயும் அங்கே திரும்பி வர வேண்டும், உடன்பாடு எதிர்மறையாகவும் எதிர்மறை உடன்பாடாகவும் மாற வேண்டும்.

நீண்ட வாக்கியத்தைப் படித்தல்

உரைநடைப் பாடத்தில் சொற்பொருள் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியவில்லை என்று மாணவர் சொல்வது உண்டு. காரணம் வரிசை. 'நேற்று சந்தையில் மாம்பழம் விற்ற கிழவி' என்று தமிழில் விவரம் முன்னால் வந்து, ஆள் கடைசியில் வருகிறார். ஆங்கிலத்தில் கிழவி முதலில் வருவார். பின்பு 'ஹூ' என்ற சொல், பின்பு விற்றது, மாம்பழம், சந்தையில், நேற்று என்று ஏறக்குறைய தலைகீழாக ஓடும். வினைமுற்றும் தமிழில் கடைசியில், ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து. ஆகவே நீண்ட வாக்கியத்தில் முதலில் முதன்மை வினையை அடிக்கோடிட வேண்டும். பிறகு 'ஹூ', 'விச்', 'தட்' தொடங்கி ஓடும் பகுதியை அடைப்புக்குள் போட வேண்டும். மீதி இருப்பது மூன்று நான்கு சொற்கள்தான், பொருள் உடனே தெரியும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இங்கே உதவ முடியும். பிள்ளை ஒரு பத்தியைப் படித்து அதைத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். அப்பாவோ பாட்டியோ 'அது யார்?', 'ஏன் அப்படிச் செய்தான்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். பதில் சொல்ல முடியாமல் பிள்ளை எங்கே நிற்கிறதோ, அந்த வாக்கியம்தான் புரியாத வாக்கியம்.

செய்யுள் வினாக்கள்

நயம் பாராட்டும் வினாக்களில் கேட்கப்படும் பலவற்றைத் தமிழ்ப் பாடத்தில் மாணவர் ஏற்கெனவே படித்திருப்பார். 'லைக்', 'ஆஸ்' போட்டு ஒப்பிடுவது உவமை, அச்சொற்கள் இல்லாமல் அதுவே இது என்பது உருவகம். அடுத்தடுத்த சொற்களின் முதலொலி ஒன்றிவருவது மோனைக்கு நெருக்கமானது. இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகைக்கு ஆங்கிலத்தில் நேரானது இல்லை, அடியின் இறுதி ஒன்றுவதான இயைபுதான் ஆங்கில ஒலியமைதிக்கு அடிப்படை. இங்கும் கண்ணை நம்பாமல் காதை நம்ப வேண்டும். 'கோ', 'டூ' இரண்டும் எழுத்தில் ஒரே முடிவு உடையவை, ஒலியில் ஒன்றுவதில்லை. 'ஸ்கை', 'ஹை' எழுத்தில் வேறு, ஒலியில் இயைபு.

அஃறிணைப் பொருளுக்கு மனிதச் செயலை ஏற்றுவதைத் தற்குறிப்பேற்ற அணி என்று சில நோட்ஸ்கள் எழுதுகின்றன. அது சரியாகப் பொருந்தாது. இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் காரணம் கற்பிப்பதே தற்குறிப்பேற்றம். கோவலனும் கண்ணகியும் வரும்போது மதுரை மதில் கொடிகள் காற்றில் அசைவதை, வராதீர்கள் என்று கை காட்டுவதாகச் சிலப்பதிகாரம் சொல்வது இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. கொடிக்குக் கை கொடுத்த அளவு மட்டுமே ஆங்கிலப் பாடம் கேட்கும் அணி.

பொருள் பற்றிய வினாக்களில் ஆயத்த விடைகள் செய்யும் கேட்டைக் காண ராபர்ட் ஃப்ராஸ்டின் 'த ரோடு நாட் டேக்கன்' நல்ல சான்று. 1915-இல் வெளிவந்த இந்தக் கவிதை, என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு 'பீஹைவ்' நூலில் பாடமாக வந்தது. ஐந்து அடி கொண்ட நான்கு பகுதிகள்; ஒவ்வொன்றிலும் முதல், மூன்றாம், நான்காம் அடிகள் ஒரு முடிவு, இரண்டாம், ஐந்தாம் அடிகள் வேறு முடிவு. பலர் செல்லாத பாதையைத் துணிந்து தேர்ந்தெடுத்தால் வாழ்வில் வெற்றி என்பதே கவிதையின் கருத்து என்று நோட்ஸ்கள் பெரும்பாலும் எழுதுகின்றன.

கவிதையை அடி அடியாகப் படித்தால் வேறு ஒன்று தெரியும். இரண்டாம் பகுதியில், தாம் எடுத்த பாதை புல் மண்டிக் கிடந்தது என்று சொல்லத் தொடங்கும் பயணி, உடனே திருத்திக்கொண்டு, நடமாட்டத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவே தேய்ந்திருந்தன என்கிறார். மூன்றாம் பகுதியில் அன்று காலை இரண்டிலும் மிதிபடாத இலைகளே கிடந்தன. பலர் செல்லாத பாதையை எடுத்தேன் என்ற பேச்சு நான்காம் பகுதியில்தான் வருகிறது, அதுவும் பல ஆண்டுகள் கழித்துப் பெருமூச்சோடு தாம் சொல்லப்போவதாக. அந்தப் பெருமூச்சு நிறைவா, வருத்தமா என்று கவிதை சொல்வதில்லை. எந்தப் பாதையில் போனாலும் மற்றதை எண்ணி வருந்தும் தம் நண்பர், ஆங்கிலக் கவிஞர் எட்வர்டு தாமஸை மனத்தில் வைத்தே ஃப்ராஸ்ட் இதை எழுதினார்.

மாணவர் இதை வைத்து விடை எழுதும்போது, உதவுபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீ சொல்வது எந்த அடியில் இருக்கிறது? துணிச்சல் என்று எழுதினால் அதற்கு அடி காட்டட்டும். இரு பாதையும் ஒன்றே என்று எழுதினால் இரண்டாம், மூன்றாம் பகுதிகளைக் குறிப்பிடட்டும். விடை எளிய வாக்கியங்களில், நிகழ்காலத்தில், முதலில் கவிதையின் பெயரும் கவிஞரின் பெயரும், அடுத்து அந்த அடிகள் வரும் சூழல், பிறகு பொருள், கடைசியில் அணி இருந்தால் அதன் பெயர் என்று அமைந்தால் ஏழெட்டு வரிகளில் முடிந்துவிடும். அந்த ஏழெட்டு வரிகளையும் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை. 'எனக்கு' என்று தொடங்கிய வாக்கியங்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுதும் முன் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.